போகிக்குப் போன பதினோரு ஃபைல்கள்

எங்கள் ஆபீசில் யாருடைய கம்ப்யூட்டராவது "இன்ன ஃபைலைக் காணோம்" என்று சொல்லிவிட்டு முரண்டு பிடித்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெரிய ஞானம் ஒன்றும் கிடையாது. அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுவேன். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். மீதி நேரம் நெட்டில் தேடிப் பார்த்து, அதில் போட்டிருப்பதை என் சொந்தச் சரக்கு மாதிரி செய்து காட்டுவேன். ஆனால் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பேன். "ஒண்ணுதான் காணோமா, இன்னும் ஏதாவது கீதா?"

"அது எப்படி சார் எனக்குத் தெரியும்? ஒரு பேருதான சொல்லுது?" என்று கூப்பிட்டவர் சிரிப்பார்.

ஒரு பேர்தான் சொல்லும். அது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரியும்.

சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைப் பக்கம் போகிற ரோட்டில், பஸ் நின்றால் ஊர், நிற்காவிட்டால் வெறும் கரும்பு என்கிற அளவில் எங்கள் ஊர் இருந்தது. அப்பாவுக்குக் கரும்புதான். அக்கா கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். எங்கள் பங்காளி வீடுகளில் பன்னிரண்டாவதைத் தாண்டிய முதல் பெண் அவள்தான். மணலூர்பேட்டையிலிருந்து ஒரு நல்ல இடம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா பிடிகொடுக்காமல் வைத்திருந்தார். அக்காவுக்கு இந்தப் படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்குப் போய் மேலே படிக்க ஆசை. "மொதல்ல பாஸ் பண்ணு, பாக்கலாம்" என்று அப்பா சொல்லியிருந்தார். "முடியாது" என்பதைத்தான் அப்பா சுலபமாகச் சொல்வார். "பாக்கலாம்" என்றால் அது சம்மதத்துக்குப் பக்கத்து வீடு.

பாஸ் பண்ண ஒரு ப்ராஜெக்ட் செய்து கொடுக்க வேண்டும். பொங்கல் லீவு முடிந்து கல்லூரி திறக்கும் திங்கட்கிழமைதான் கடைசி நாள். கரும்பாலையில் வெட்டு உத்தரவு கொடுப்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு புரோகிராமை அக்கா செய்துகொண்டிருந்தாள். யார் எப்போது நட்டார், யாருடைய கரும்பை முதலில் வெட்ட வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்லும். உத்தரவு வராமல் கரும்பு காய்ந்துகொண்டிருக்க, அப்பா வாசலுக்கும் ரோட்டுக்கும் நடப்பதை வருஷாவருஷம் பார்த்தவள் அவள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கம்ப்யூட்டரில் அக்கா எப்போது பார்த்தாலும் உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு முறை வருவதில்லை என்பது மட்டும்தான்.

கம்ப்யூட்டர் புதுசு இல்லை. கள்ளக்குறிச்சியில் ஏதோ ஒரு கணக்காளர் ஆபீசில் கழித்துவிட்டதை அப்பா யூரியா மூட்டைகளோடு சேர்த்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை அடுக்கும் அறையில், மலை தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் அதை வைத்தோம். பொத்தானை அமுக்கினால் உலை கொதிக்கிற நேரத்தில் திறக்கும். அம்மா தன் பழைய புடவையில் அதற்கு உறை தைத்துப் போட்டாள். எங்கள் வீட்டில் அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்ட ஒரே ஆண்பிள்ளை அதுதான் என்று நான் அப்போது ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இப்போதும் என் ஜோக்குகளின் நிலைமை அதுதான்.

நான் சங்கராபுரத்தில் இங்கிலீஷ் மீடியம். வேனில் போய்வருவேன். அதனால் உலகத்தில் இங்கிலீஷில் எழுதப்பட்ட எதையும் நான் படித்து அர்த்தம் சொல்லிவிடுவேன் என்று அப்பா நம்பினார். பூச்சி மருந்து டப்பா, மாத்திரை அட்டை, பேங்கிலிருந்து வரும் கடிதம், எல்லாம் என்னிடம் வரும். நானும் தெரிந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு மீதியை நானே இட்டுக்கட்டிச் சொல்லிவிடுவேன். நான் சொன்ன அளவில் மருந்தடித்தும் எங்கள் கரும்பு பிழைத்ததென்றால் அதன் ஆயுசு கெட்டி என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் போகிக்கு ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. முந்தைய வருஷம் அம்மா பழைய பேப்பரோடு பேப்பராகக் கிஸ்தி ரசீதையும் கொளுத்திவிட்டாள். அதற்காக அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. அதிலிருந்து, என்ன எடுத்துப் போடுகிறோம் என்று எழுதி வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் எதையும் கொளுத்தக் கூடாது. பழைய பாய் இரண்டு, உடைந்த முறம் ஒன்று என்று அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன்.

என் வேன் சிநேகிதன் ஒருவன் எனக்குக் கார் ரேஸ் விளையாட்டு ஒன்றைக் கொடுத்திருந்தான். ஃபிளாப்பி என்று அப்போது சதுரமாக ஒரு தகடு வரும், அதில் நாலைந்து. அதைக் கம்ப்யூட்டரில் போட இடம் இல்லை. "எடம் இல்லடா. பழசு எதையாவது எடுத்தாத்தான் புதுசு போவும்" என்று அக்கா சொல்லியிருந்தாள். போகியன்று காலையில் அம்மா, "உபயோகம் இல்லாத பழசெல்லாம் எடுத்துப் போடுடா" என்றாள். இரண்டு பேரும் இரண்டு விஷயத்தைச் சொன்னார்கள். நான் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

எங்கெங்கோ திறந்துகொண்டு போனதில் ஓர் அறை நிறைய ஃபைல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. சில ஃபைல்களின் தேதி, கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு எவ்வளவோ வருஷம் முந்தியது. யாரோ ஒரு கணக்காளர் விட்டுப்போன குப்பை என்று முடிவு கட்டினேன். எல்லாவற்றுக்கும் வாலில் டி.எல்.எல். என்று மூன்று எழுத்து. திறந்து பார்த்தால் ஒன்றுமே புரியவில்லை. புரியாததும் பழசும் சேர்ந்தால் அது போகிக்குத்தானே? இருப்பதிலேயே பழசாகப் பதினொன்றைத் தேர்ந்தெடுத்தேன். சட்டப்படி, என் நாலு கோடு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்களை எழுதினேன். பிறகு ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் நீளமாக இங்கிலீஷில் ஏதோ கேட்டது. உலகத்து இங்கிலீஷையெல்லாம் படிக்கிற நான், அதில் "எஸ்" என்ற வார்த்தையை மட்டும் படித்தேன். கடைசியாக, எரிக்காமல் விட்டால் போகி ஆகாது என்று அதன் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

இவ்வளவு செய்தும் விளையாட்டுக்கு இடம் போதவில்லை. அந்தப் பதினொன்றும் சேர்ந்து ஒரு கைப்பிடி இடம்கூட அடைத்திருக்கவில்லை.

மத்தியானம் அக்கா ப்ராஜெக்டைத் திறக்கப் போனாள். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி வந்தது. இன்ன ஃபைலைக் காணோம், அது இல்லாமல் இந்தப் புரோகிராம் திறக்காது என்று ஒரு வரி. கீழே ஒரே ஒரு பொத்தான், "ஓகே". வேண்டாம் என்று சொல்வதற்குப் பொத்தான் இல்லை. அக்கா அதை அமுக்கினாள், மூடியது. மறுபடி திறந்தாள், மறுபடி அதே வரி. எனக்கு அந்தப் பெயர் தெரிந்த பெயராக இருந்தது. என் பட்டியலில் முதல் பெயர்.

ப்ராஜெக்ட் செய்வதற்கான சாஃப்ட்வேரை அவள் கல்லூரியிலிருந்துதான் கொண்டுவந்து போட்டிருந்தாள். கல்லூரி பூட்டியிருந்தது. ஃபைலின் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். பெட்டியையே தூக்கி வந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும், காணாமல் போன ஃபைல் மட்டும் என்றால் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துத் தருகிறோம் என்றார்களாம். ஃபிளாப்பியில் வாங்கிக்கொண்டு பொழுது சாயத் திரும்பி வந்தாள். போட்டாள். திறந்தாள். சிவப்பு வட்டம். இரண்டாவது பெயர்.

அக்கா சிரித்துவிட்டாள். "பாருடா, ஒண்ணு குடுத்தா இன்னொண்ணு கேக்குது. விருந்துக்கு வந்த மாமியாரு மாதிரி" என்றாள். நானும் சிரித்தேன். இன்னும் பத்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

பொங்கலன்று கடை இல்லை. மாட்டுப் பொங்கலன்று நாங்கள் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கும்போது போய்வந்தாள். மூன்றாவது பெயர். காணும் பொங்கலன்று, ஊர்ப் பெண்களெல்லாம் கோமுகி அணைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனபோது, அவள் மட்டும் எதிர்ப் பக்கத்துப் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி போனாள். நான்காவது பெயர் வந்தபோது அவள் சிரிக்கவில்லை. விரல் விட்டு நாட்களை எண்ணினாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மீதி எட்டுப் பெயரும் என் புத்தகப் பையில் இருந்தன. எட்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் ஒரே பஸ்ஸில் வேலை முடிந்திருக்கும். சொன்னால் அப்பா புளிய மிளாறை எடுப்பார் என்பதைத் தவிர வேறு எந்தத் தடையும் இல்லை. எனக்கு அந்தத் தடை மலை மாதிரி தெரிந்தது.

மறுநாள் காலையில் எனக்கு ஒரு அபாரமான யோசனை வந்தது. மீதி எட்டுப் பெயரையும் ஒரு தாளில் எழுதி அக்காவின் ஃபிளாப்பி டப்பாவுக்குள் போட்டுவிடுவது. சென்டரில் திறக்கும்போது கண்ணில் படும், அங்கே யாரோ எழுதி வைத்தது என்று நினைத்துக்கொள்வாள். என் கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால், பெரிய எழுத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினேன். நாலாக மடித்து டப்பாவுக்குள் வைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு இட்லி சாப்பிட உட்கார்ந்தேன்.

அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டும்போது, அப்பா பால் சொசைட்டியிலிருந்து திரும்பி வந்தார். அங்கே யாரோ வாயைக் கிளறியிருக்கிறார்கள் என்பது அவர் கேனை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

"எங்கமா போற?"

"கள்ளக்குறிச்சிப்பா. சென்டருக்கு."

"நேத்தும் சென்டரு. முந்தா நாளும் சென்டரு. ஊரே காணும் பொங்கலுக்குப் போனா நீ மட்டும் சென்டருக்குப் போற. இன்னா கீது அங்க?"

"ஃபைலு வாங்கணும்பா. ஒவ்வொண்ணாத்தான் கேக்குது."

"ஒவ்வொண்ணா கேக்குதா? ஏன், மொத்தமா கேக்காதா அது? குடு அத."

டப்பாவை வாங்கித் திறந்தார். ஃபிளாப்பியோடு என் தாளும் வந்தது. பிரித்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். திருப்பினார்.

"இது உன் எழுத்தா?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "இல்லப்பா."

"பின்ன யாரு எழுத்து?"

"தெரிலப்பா. ஃபைலு பேருதான் எழுதிக்கீது. அங்க ஒரு அக்காதான் இருக்காங்க, அவங்க வச்சிருப்பாங்களோ இன்னாவோ."

"ஒவ்வொரு வரிலயும் கடைசில ஒரே மூணு எழுத்து வருது. எவன் பேரு அது?"

"பேரு இல்லப்பா அது. டி.எல்.எல்.னு..."

அப்பா அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "டேய், இங்க வா. நீ படி. இன்னா எழுதிக்கீது?"

இட்லிக் கையோடு போனேன். என் இடது கை எழுதியதை என் கண்ணே படித்தது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கெஞ்சுகிற மாதிரி இல்லை, ஒரு சாட்சி கிடைத்துவிட்டான் என்கிற நிம்மதியோடு. அவளுக்குத் தெரிந்த ஃபைல் பெயரை நானும் படித்து "ஆமாம்பா, ஃபைல் பேருதான்" என்று சொன்னால் போதும். அப்படிச் சொன்னால், உனக்கு எப்படிடா தெரியும் என்று அடுத்த கேள்வி வருமே என்று என் புத்தி கணக்குப் போட்டது.

"தெரிலப்பா" என்றேன்.

"இங்கிலீஷ்தானடா? படிச்சி சொல்லு."

"இது இங்கிலீஷே இல்லப்பா."

அது பொய் இல்லை. அது இங்கிலீஷே இல்லைதான். என் வாழ்க்கையில் நான் அப்பாவுக்குச் சரியாக அர்த்தம் சொன்ன ஒரே காகிதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை என்றால் அது மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்ட பாஷை. அப்பா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். தாளை மடித்துத் தரையில் போட்டுவிட்டுப் பம்ப் செட்டுப் பக்கம் போய்விட்டார். "ஒரு எட்டு போய் அந்தக் கடைல விசாரிச்சுட்டுத்தான் வாயேன்யா" என்று அம்மா பின்னாலேயே போய்ச் சொன்னாள். "போய் விசாரிச்சா ஊருக்கே தெரியும். வூட்டுல வயசுப் பொண்ண வச்சிக்கினு கட கடயா ஏறி எறங்கச் சொல்றியா?" என்ற பதில் கரும்புக்குள்ளிருந்து கேட்டது.

அக்கா குனிந்து தாளை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று நான் இட்லிக் கையோடு நின்றேன். "கை கழுவிட்டு வா, ஒழுங்கா சாப்புடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை கல்லூரி திறந்தது. அவளை அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. அந்த வாரத்திலேயே மணலூர்பேட்டைக்கு ஆள் போயிற்று. அக்காவைக் கேட்டார்கள். "சரிப்பா" என்றாள். அவளுக்கும் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

மாசியில் கல்யாணத்துக்கு முந்தைய வாரம், ரவிக்கை தைக்கக் கொடுக்க அம்மா கள்ளக்குறிச்சி கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஃபிளாப்பி டப்பாவையும் நாலாக மடித்த அந்தத் தாளையும் கொடுத்தாள்.

"சென்டருல குடு. இதுல கீற எட்டும் வேணும்னு சொல்லு. ஒண்ணும் விட்டுடாத."

அம்மா தையல்காரரிடம் கழுத்து இறக்கம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பக்கத்துச் சென்டருக்குப் போனேன். உள்ளே நிறைமாதமாக ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு டப்பாவைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணோட தம்பியா நீ? பொங்கலும் அதுவுமா மூணு தடவ வந்துச்சி பாவம். இந்த லிஸ்ட்ட அன்னிக்கே குடுத்திருந்தா ஒரே வேலையா முடிஞ்சிருக்கும். ப்ராஜெக்ட் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க" என்றேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எட்டும் வந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தத் தாளை மறுபடி பிரித்துப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். இரண்டு சிவப்புக் கோடு, நடுவில் இரண்டு நீலக் கோடு. எங்கள் வீட்டில் நாலு கோடு நோட்டு வைத்திருந்த ஆள் நான் ஒருவன்தான். கையெழுத்தை மாற்றத் தெரிந்த மேதாவிக்குத் தாளை மாற்றத் தெரியவில்லை. நல்லவேளை, அக்கா இதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தாளைச் சுக்குநூறாகக் கிழித்து ஜன்னல் வழியே விட்டேன். சங்கராபுரம் வரை நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்கா எட்டு ஃபைலையும் போட்டாள். சிவப்பு வட்டம் வரவில்லை. அவளுடைய புரோகிராம் திறந்தது. பச்சை நிறத்தில், மேலே ஒரு கரும்புப் படத்தோடு. அவளே வரைந்தது, சோளம் மாதிரி இருந்தது. முதல் கட்டத்தில் அப்பா பெயரை அடித்தாள். நட்ட தேதியை அடித்தாள். ஒரு பொத்தானை அமுக்கினாள். அப்பாவுக்கு எந்தத் தேதியில் வெட்டு வர வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஜன்னலுக்கு வெளியே அந்தக் கரும்பு அந்தத் தேதியைத் தாண்டி உத்தரவு வராமல் நின்றுகொண்டிருந்தது. "சரியாத்தான்டா சொல்லுது" என்றாள் அக்கா. புரோகிராமை மூடினாள்.

மறுநாள் அவளே என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். தலையில் மருதாணிக் கையால் தட்டினாள்.

"எடம் பண்ணி வச்சிருக்கேன். உன் கார் விளையாட்ட போட்டுக்கோ."

"நெசமாவாக்கா?"

"நெறைய எடம் கீது. போடு."

எதை எடுத்துவிட்டு இடம் பண்ணினாள் என்று நான் கேட்கவில்லை. எழுதி வைக்காமல் எதையும் எடுத்துப் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவள் எழுதியும் வைக்கவில்லை. விளையாட்டு ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. கார் அருமையாக ஓடியது. அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் நான் மூன்றாவது கட்டம் வரைக்கும் போய்விட்டேன்.